பயிர்ச்செய்கைக் கடனைக் காலத்திற் பெறும் வகை

நெற்செய்கைக்கு வேண்டிய பணம் போகம் முழுவதும் ஒரே அளவாக வேண்டப்படுவதன்று. உழவு, விதைநெல், அடிப்பசளை ஆகியவற்றிற்கு ஓரிரு கிழமைக்குள் பெருந்தொகை வேண்டும். பின்னர் களைநாசினிக்கும் மேற்பசளைக்கும் இடையிடையே சிறுதொகைகள் வேண்டும். அறுவடையின்போது இயந்திரக் கூலிக்கு மீண்டும் பெருந்தொகை வேண்டும். வருவாயோ நான்கு மாதத்துக்கு ஒருமுறை, ஒரே தடவையிற் கைக்கு வருவது. செலவுக்கும் வரவுக்கும் உள்ள இவ்விடைவெளியை நிரப்புவதற்கே பயிர்ச்செய்கைக் கடன் ஏற்பட்டது. விதைப்புக்கு முன் கைக்கு வரும் கடன் பயிருக்கு உதவும். விதைத்து ஒரு மாதம் சென்றபின் வரும் கடன் வீட்டுச் செலவிலே கரைந்துவிடும். வங்கி தாமதித்துவிட்டது என்று குறைகூறும் கமக்காரருட் பலர், விண்ணப்பம் எழுதுவதற்கு முன்னரே தாம் செய்து முடித்திருக்க வேண்டிய வேலைகள் உண்டு என்பதை அறியாதிருக்கின்றனர். இப்பிரசுரம் பெரும்பாலும் அவ்வேலைகளைப் பற்றியதே.

கடன் முறை வளர்ந்த வகை

இலங்கையில் 1911ஆம் ஆண்டிற் பிறந்த கூட்டுறவுச் சங்கக் கட்டளைச் சட்டத்தின்பின் கிராமங்களில் ஐக்கிய நாணய சங்கங்கள் தோன்றின. 1947ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் கூட்டுறவுச் சங்கங்களின் வாயிலாகக் கமக்காரருக்குக் கடன் வழங்கலாயிற்று. 1957ஆம் ஆண்டிற் கமநல சேவைத் திணைக்களம் தாபிக்கப்பட்டது. மறு ஆண்டில் நெற்காணிச் சட்டம் நிறைவேறியது. அதே 1958இற்றான் பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கப்பட்ட எச்-4 என்னும் நெல்லினம் கமக்காரர் கைக்கு வந்தது. இவ்வினம் இட்ட பசளைக்கு ஏற்ற விளைவைத் தந்தது. அதனால் நெற்செய்கையின் செலவும் கூடிற்று. முன்னர் வீட்டு விதையும் எருவும் கொண்டு செய்த கமத்துக்கு இப்போது பணம் வேண்டியதாயிற்று.

1961இல் மக்கள் வங்கி தோன்றிற்று. 1967இல் அவ்வங்கியும் கூட்டுறவுச் சங்கங்களும் சேர்ந்து புதிய விவசாயக் கடன் திட்டத்தை நடத்தின. திரும்பி வராத கடனில் நூற்றுக்கு 75 பங்கை மத்திய வங்கி பொறுப்பேற்றது. 1973இல் இலங்கை வங்கி கமநல சேவை நிலையங்களிலேயே கிளைகளைத் திறந்தது. 1986இல் புதிய விரிவான கிராமியக் கடன் திட்டம் வந்தது. அதன்படி வங்கிகள் தம் பணத்தைக் கடனாகக் கொடுக்க, வட்டியில் ஒரு பகுதியை அரசாங்கம் தாங்கிற்று. திட்டங்களின் பெயர்களும் வட்டி வீதங்களும் பலமுறை மாறியுள்ளன. கமக்காரர் அவற்றை மனனஞ் செய்யவேண்டியதில்லை. இந்தப் போகத்தில் எத்திட்டம் நடைமுறையில் உள்ளது, ஏக்கருக்கு எவ்வளவு, வட்டி எவ்வளவு என்னும் மூன்று வினாக்களைக் கமநல சேவை நிலையத்திலும் வங்கியிலும் கேட்டறிந்தாற் போதும்.

ஆயினும் இவ்வரலாற்றில் ஒரு போகத்தை மட்டும் மறத்தலாகாது. 1977/78 பெரும்போகத்தில் அதுவரை இல்லாத பெருந்தொகை கடனாக வழங்கப்பட்டது. தகுதி பார்த்தல் தளர்ந்திருந்தது. அரசாங்கப் பணம் தானே, திருப்பிக் கேட்கமாட்டார்கள் என்ற எண்ணமும் பரவியிருந்தது. அக்கடனிற் பெரும்பகுதி திரும்பவில்லை. அடுத்த போகங்களிற் கடன் பெற்றோர் தொகை மிகவுங் குறைந்தது. ஒழுங்காகக் கட்டியவரும் அதனால் இடர்ப்பட்டனர். இன்று வங்கியாளர் பிணைக்காரரையும் பழைய கணக்கையும் துருவித் துருவிக் கேட்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்றாகும்.

வியாபாரியின் கடன்

வங்கியிற் கடன் கிடையாதவர், அல்லது காலத்திற் கிடையாதவர், நெல் வியாபாரியிடமோ பசளைக் கடைக்காரரிடமோ செல்கின்றனர். வியாபாரி தீயவர் என்பது எம் கருத்தன்று. அவர் படிவம் கேட்பதில்லை, பிணை கேட்பதில்லை, இரவில் வந்து கேட்டாலும் கொடுக்கின்றார். ஆனால் அவர் பெறும் வட்டி வெளியிற் றெரிவதில்லை. நெல்லின் விலைக்குள் அது மறைந்திருக்கும். ஆகவே அதனைக் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று.

இரண்டேக்கர் செய்யும் ஒருவர் புரட்டாதியில் ஓர் இலட்சம் ரூபாவைக் கடனாகப் பெற்று, அறுவடையின்போது கிலோ 90 ரூபா வீதம் நெல்லாக அளந்து தருவதாக வாக்களிக்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். அக்கடனைத் தீர்க்க அவர் 1,111 கிலோ நெல் கொடுத்தல் வேண்டும். 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் நெல் சந்தைப்படுத்தல் சபையின் கொள்வனவுக்கென அரசாங்கம் நிர்ணயித்த விலை, நாட்டு நெல் கிலோவுக்கு 120 ரூபா, சம்பா 125 ரூபா, கீரிச்சம்பா 132 ரூபா. நாட்டு நெல்லின் விலைப்படி பார்த்தால் மேற்படி 1,111 கிலோவின் பெறுமதி 133,320 ரூபா ஆகும். எனவே ஐந்து மாதத்துக்கு அவர் கொடுத்த வட்டி 33,320 ரூபா. அதே தொகையை ஆண்டுக்கு நூற்றுக்கு 12 வட்டிக்கு வங்கியிற் பெற்று ஆறு மாதத்திற் கட்டினால் வட்டி 6,000 ரூபாவே. வேற்றுமை 27,320 ரூபா.

இத்தொகையை இன்னுமொரு தொகையுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2024/25 பெரும்போகத்தில் நெற்செய்கையாளருக்குப் பசளை வாங்குவதற்கென அரசாங்கம் ஹெக்டேயருக்கு 25,000 ரூபா வீதம், இரண்டு ஹெக்டேயருக்கு மேற்படாமல், அவரவர் வங்கிக் கணக்கில் வைப்பிலிட்டது. இரண்டேக்கருக்கு இது ஏறத்தாழ 20,000 ரூபா. அரசாங்கம் பசளைக்கு உதவிய பணம் முழுவதும், அதற்கு மேலும் ஏழாயிரம் ரூபா வரையும், மேற்கூறிய கமக்காரரின் கையிலிருந்து மறைவாக நழுவிவிட்டது என்பதே இதன் பொருள். பசளை உதவிப்பணம் இரண்டு கிழமை பிந்தினால் நாம் பெரிதாகப் பேசுகின்றோம். இம்மறைவட்டியைப் பற்றிப் பேசுவோர் இலர்.

வீட்டு நகையை வங்கியில் அடைவு வைத்து விதைப்புச் செய்து, தை மாசியில் மீட்கும் வழக்கம் எங்கள் பகுதிகளில் மிகுதி. அடைவுக்கடனின் வட்டி வெளிப்படையானது. ஒரே நாளிற் பணம் கிடைக்கும். வியாபாரியின் கடனிலும் இது மேலானதே. எனினும் பயிர் பிழைத்துவிட்டால் நகை ஏலத்துக்குப் போய்விடும். பயிர்ச்செய்கைக் கடனைப் பெறும் தகுதியுடைய ஒருவர், அதனை விண்ணப்பிக்கச் சோம்பி, வீட்டிலுள்ள பெண்களின் நகையைக் கொண்டு செல்வது பொருத்தமன்று.

கிழமைதோறும் கட்டுப்பணம் அறவிடும் சிறுகடன்களைப் பற்றியும் ஒரு சொல். நெல்லோ வெங்காயமோ கிழமைதோறும் பணம் தருவதில்லை. விதைத்த மறு கிழமையே கட்டத் தொடங்கவேண்டிய கடன், அதனைக் கட்டுவதற்கு வேறொரு கடனைத் தேடச் செய்யும். வரட்சியாற் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் இத்தகைய கடனிற் சிக்கிய பெண்களின் நிலுவைகளை 2018இல் அரசாங்கம் தள்ளுபடி செய்யவேண்டிய நிலை உண்டாயிற்று. நாளாந்தம் வருவாயுள்ள கடைக்கும் கறவை மாட்டுக்கும் அக்கடன் பொருந்தலாம். போகப் பயிருக்குப் பொருந்தாது.

இடாப்பிற் பெயர்

கமநல சேவை நிலையத்திற் பேணப்படும் விவசாயக் காணி இடாப்பே உதவிகள் அனைத்துக்கும் வாயிலாகும். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி இவ்விடாப்பு பேணப்படுகின்றது. காணியின் பெயர், பரப்பளவு, சொந்தக்காரர், அதனைச் செய்கை பண்ணுபவர் ஆகிய விபரங்கள் இதில் உள்ளன. பசளை உதவிப்பணம், காப்புறுதி, வங்கிக்குக் கொடுக்கும் உறுதிக் கடிதம் ஆகிய யாவும் இவ்விடாப்பைப் பார்த்தே கணிக்கப்படும். இடாப்பில் ஒன்றரை ஏக்கர் என்று இருந்தால், வயலில் மூன்றேக்கர் விளைந்தாலும் உதவி ஒன்றரை ஏக்கருக்கே.

வடக்கிலும் கிழக்கிலும் இது தொடர்பான ஒரு சிக்கல் மிகப் பரவலாக உண்டு. காணிச் சொந்தக்காரர் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருப்பார். காணியை ஊரில் உள்ள ஒருவர் வாய்ப்பேச்சுக் குத்தகைக்குச் செய்வார். அல்லது காணி இறந்துபோன தகப்பனாரின் பெயரில் இருக்க, பிள்ளைகள் பங்கிட்டுச் செய்வர். இவர்கள் வெயிலிலும் மழையிலும் நின்று செய்கை பண்ணினாலும், கணக்கின்படி கமக்காரர் அல்லர். வெள்ளத்திற் பயிர் அழிந்தால் இழப்பீடும் அவர்களுக்குக் கிடையாது.

குத்தகைக்காரரின் பெயரை இடாப்பில் ஏற்றுவதற்குச் சில சொந்தக்காரர் தயங்குகின்றனர். பதிந்தபின் குத்தகைக்காரரை எழுப்ப முடியாமற் போய்விடும் என்னும் அச்சமே காரணம். சட்டம் குத்தகைக் கமக்காரருக்குப் பாதுகாப்பு அளிப்பதால் அவ்வச்சம் முற்றிலும் ஆதாரமற்றதென்று கூறுதற்கில்லை. எனினும் இருவரும் கமநல அபிவிருத்தி உத்தியோகத்தர் முன்னிலையில் அமர்ந்து, எவ்வகையிற் பதியலாம், போகம் ஒன்றுக்கு எழுத்தில் இணக்கம் தரலாமா என்று பேசித் தீர்த்தல் கூடும். சொந்தக்காரர் விடுமுறைக்கு ஊருக்கு வரும் ஆடி ஆவணி மாதங்களே இதற்கு ஏற்ற காலம். திருவிழா முடிந்து அவர் திரும்பிய பின்னர்த் தொலைபேசியிற் கெஞ்சுவதாற் பயனில்லை.

பிள்ளைகள் பங்கிட்ட காணியில் ஒவ்வொருவருடைய பங்கையும் வேறாகப் பதிவித்தல் வேண்டும். ஏக்கர் வரி கட்டிய பற்றுச்சீட்டு, உறுதியின் பிரதி அல்லது அனுமதிப்பத்திரம், தேசிய அடையாள அட்டை, உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றை ஓர் உறையில் இட்டு வைத்திருங்கள். ஊர்க் கமக்காரர் அமைப்பில் அங்கத்தவராகச் சேருங்கள். அமைப்பின் சிபாரிசு இன்றி எந்த உத்தியோகத்தராலும் உங்களை எளிதில் அறிந்துகொள்ள முடியாது.

எப்போது தொடங்குவது

குளத்து நீரை நம்பிச் செய்யும் இடங்களிற் போகக் கூட்டம் கூடி, நீர் திறக்கும் நாள், விதைப்பை முடிக்கவேண்டிய நாள், நீரை மறிக்கும் நாள் ஆகியவற்றைத் தீர்மானிக்கின்றது. பெரும்பாலோர் அக்கூட்டத்தின் பின்னரே கடனைப் பற்றி எண்ணத் தொடங்குகின்றனர். அது பிந்திய காலம். பெரும்போகத்துக்கான கடனுக்கு ஆடியின் முடிவிலும், சிறுபோகத்துக்கு மாசியிலும் ஆயத்தஞ் செய்தல் வேண்டும். மழையை நம்பிப் புழுதி விதைப்புச் செய்யும் மானாவாரி வயலுக்கு இதிலும் முந்துதல் நன்று. அங்கு உழவு கூட்டத்துக்காகக் காத்திருப்பதில்லை.

பணம் பிந்தினாற் பயிரில் நிகழ்வது யாதெனில், விதைப்புப் பிந்தும். மூன்றரை மாத இனத்தை விதைக்க எண்ணியவர், நீர் மறிக்கும் நாளுக்குள் விளைவெடுப்பதற்காகப் பீ.ஜீ. 300 போன்ற மூன்று மாத இனத்துக்கு மாறவேண்டி வரும். மாறாமல் விதைத்தாற் கதிர் பால் பிடிக்கும்போது வாய்க்காலில் நீர் இராது. பசளைக்கும் இவ்வாறே. யூரியாவைப் பல தடவையாகப் பிரித்து இடல் வேண்டும். முதலாந் தடவை விதைத்து இரண்டாங் கிழமையில் விழவேண்டியது. அதனை ஐந்தாங் கிழமையில் இருமடங்காக இட்டு ஈடுசெய்ய முயல்பவர் மட்டம் வெடிக்கும் பருவத்தை இழந்து, நோயையும் பீடையையும் விலைக்கு வாங்குகின்றார்.

முதல் வேலை பழைய கணக்கைப் பார்த்தலாகும். முன்னைய போகக் கடன் நிலுவையில் இருந்தாற் புதுக்கடன் கிடைப்பது அரிது. அதனோடு, மோட்டார் சைக்கிளுக்கோ உழவு இயந்திரத்துக்கோ பெற்ற லீசிங் கடனின் தவணை தவறியிருந்தாலும், பிறருக்குப் பிணை நின்ற கடன் கட்டப்படாதிருந்தாலும், 1990ஆம் ஆண்டுச் சட்டத்தாற் றாபிக்கப்பட்ட கடன் தகவற் பணியகத்தின் அறிக்கையில் வங்கியாளர் அதனைக் காண்பார். மைத்துனருக்காகக் கையெழுத்திட்டவர் தாமே கடன் பெற முடியாது திரும்புவதை நாம் அடிக்கடி காண்கின்றோம். ஆகவே பிணைக் கையெழுத்து இடுமுன் உங்கள் அடுத்த போகத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, செய்கைக்கு ஆகும் செலவை எழுதுங்கள். விதைநெல், உழவு, வரம்பு கட்டல், பசளை, களைநாசினி, அறுவடை இயந்திரம், சாக்கு, ஏற்றுகூலி என ஒவ்வொன்றையும் சென்ற போகத்தில் நீங்கள் கொடுத்த விலைப்படி எழுதுங்கள். வங்கி ஏக்கருக்கு இவ்வளவு என்று ஓர் உச்ச அளவை வைத்திருக்கும். அவ்வளவையும் வாங்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வீட்டு விதை இருந்தால் விதைக்குரிய பணத்தைக் கடனாகப் பெறவேண்டியதில்லை.

காய்கறிச் செய்கையாளர் கவனிக்கவேண்டியவை

நெல்லுக்குரிய முறையை அப்படியே தோட்டத்துக்குக் கொண்டு செல்ல முடியாது. கத்தரியும் மிளகாயும் பல தடவை பிடுங்கப்படுவன. பணம் சிறிது சிறிதாக வரும். அத்தகைய பயிருக்குப் பெற்ற கடனை இரண்டு மூன்று பகுதியாகக் கட்ட இணக்கம் பெற்றால் வட்டி குறையும், கைப்பணமும் வீணாய்ச் செலவாகாது. சின்ன வெங்காயம் ஒரே தடவையிற் கிண்டப்படுவது. ஊரெங்கும் ஒரே கிழமையிற் கிண்டினால் விலை விழும். இதன் செலவில் விதை வெங்காயமே பெரும்பங்கு. கிண்டிய வெங்காயத்திற் றிரட்சியான, நோயற்ற பிடிகளைத் தெரிந்து, காற்றோட்டமான இடத்திற் கட்டித் தூக்கிவைப்பவர் அடுத்த முறை கடனின் அளவைப் பெரிதுங் குறைத்துக்கொள்வார்.

நீரிறைக்கும் இயந்திரம், தெளிகருவி, தூவல் நீர்ப்பாசனக் குழாய் முதலியன ஒரு போகத்தில் முடியும் செலவல்ல. போகக் கடனில் இயந்திரத்தை வாங்கிவிட்டு, பசளைக்குக் கையை விரிப்பவர் பலர். இயந்திரம் மூன்று நான்கு ஆண்டு உழைக்கும். அதற்கென மூன்று நான்கு ஆண்டிற் கட்டும் கடனை வேறாகக் கேட்டல் வேண்டும்.

காப்புறுதி

பயிர்க் காப்புறுதி எமது நாட்டில் 1958இற் பரிசோதனையாகத் தொடங்கி, 1961இற் சட்டமாயிற்று. இன்று இது 1999ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபையின் பொறுப்பில் உள்ளது. 2024 நவம்பர் வெள்ளத்தில் அழிந்த நெல், சோளம், உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம், மிளகாய், சோயா ஆகிய ஆறு பயிர்களுக்கு ஏக்கருக்கு 40,000 ரூபா வரை இழப்பீடு அறிவிக்கப்பட்டது. அப்பட்டியலிற் கத்தரி, தக்காளி, சின்ன வெங்காயம் இல்லை என்பதைக் காய்கறிச் செய்கையாளர் கவனித்தல் வேண்டும். இவற்றைச் செய்வோர் தம் பயிருக்குக் கட்டணம் செலுத்திக் காப்புறுதி பெற முடியுமா என்று சபையின் மாவட்ட அலுவலகத்தில் நடுகைக்கு முன்னரே விசாரிப்பார்களாக. பயிர் நீரில் நிற்கும்போது கேட்பதில் அர்த்தமில்லை.

நெல்லுக்கும் 40,000 ரூபா முழுச் செலவையும் மீட்டுத் தராது. அழிவு நேர்ந்தால் உடனே கமநல சேவை நிலையத்துக்கு எழுத்தில் அறிவித்து, உத்தியோகத்தர் வந்து பார்க்கும்வரை வயலை மறித்து உழாதிருங்கள். உழுத வயலில் அழிவை அளக்க எவராலும் முடியாது.

விற்பனையும் தவணையும்

கடனைப் பெறும்போதே தவணை நாளைப் பற்றிப் பேசிக்கொள்ளுங்கள். அறுவடை நாளே தவணை நாளாயின், களத்திலேயே ஈரநெல்லை விற்கவேண்டி வரும். அவ்வேளையில் விலை மிகத் தாழ்ந்திருக்கும். அறுவடைக்குப் பின் ஒன்றிரண்டு மாதம் இடைவெளி கிடைத்தால் நெல்லைக் காயவைத்து, விலை பார்த்து விற்கலாம்.

நெல் சந்தைப்படுத்தல் சபையின் நிர்ணய விலை, நூற்றுக்கு 14 பங்குக்கு மேற்படாத ஈரமுள்ள, பதரற்ற நெல்லுக்குரியது. இயந்திரத்தால் அறுத்த நெல் பெரும்பாலும் இதைவிட ஈரமானது. 18 பங்கு ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 14 பங்குக்குக் காயவைத்தால் ஏறத்தாழ 95 கிலோ மிஞ்சும். நிறை குறைகின்றதே என்று வருந்தி ஈரமாகவே விற்பவர், வியாபாரி ஈரத்துக்கென மூடைக்கு எத்தனை கிலோ கழிக்கின்றார் என்று பார்ப்பதில்லை. ஐந்து கிலோவுக்கு மேற் கழித்தால் காயவைத்தலே இலாபம். சபை உங்கள் ஊரிற் கொள்வனவு செய்யுமா, எந்தக் களஞ்சியம் திறக்கப்படும் என்பதை அறுவடைக்கு முன்னரே கேட்டறிதல் வேண்டும். களஞ்சியங்கள் பிந்தித் திறந்த போகங்களும் உண்டு. அதனால் நெல் முழுவதையும் சபையை நம்பி வைத்திராது, வண்டிக் கூலிக்கும் அறுவடைக் கூலிக்கும் வேண்டிய அளவை விற்று, மீதியைக் காயவைத்து வைத்திருத்தலே நாம் கூறும் வழி.

பயிர் பிழைத்துக் கடனைக் கட்ட முடியாது என்று தெரிந்தால், தவணை நாளுக்கு முன்னரே வங்கி முகாமையாளரிடம் செல்லுங்கள். கமநல சேவை நிலையம் அளித்த அழிவு அறிக்கை, காப்புறுதிச் சபைக்கு அறிவித்த கடிதத்தின் பிரதி ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். தவணையை அடுத்த போகத்துக்கு நீடித்துத் தருமாறு எழுத்தில் விண்ணப்பித்து, அதன் பிரதியிற் றிகதி முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள். தவணை தவறியபின் இதே கடிதங்களுடன் சென்றால், அதற்குள் உங்கள் பெயர் பணியகத்தின் அறிக்கையில் ஏறிவிட்டிருக்கும். பிணைக்காரர் இருவருக்கும் கடிதம் போயிருக்கும்.